கிணறு பொது, வழி யாருடையது? கரிசல் நிலத்தில் இலவச இணையக் கல்வி

2018-க்குப் பின் வெளியான தமிழ்நாட்டு அரசுப் பாடநூல் எதைப் புரட்டினாலும் பாடத் தலைப்பின் அருகே ஒரு கறுப்புச் சதுரம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த க்யூஆர் கோடைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் காணொளியும் பயிற்சி வினாக்களும் திறக்கும். பாடத்தின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு கட்டம் உண்டு. கணக்குப் பாடத்தில் அது பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளுக்கு மாணவரை அழைத்துச் செல்கிறது. புத்தகத்துக்கு விலையில்லை. காணொளிக்கும் மென்பொருளுக்கும் விலையில்லை. ஆயினும் புத்தகத்திலிருந்து காணொளிக்குச் செல்லும் அந்தச் சில அங்குலத் தூரத்துக்கு விலையுண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டங்களின் தலித் குடியிருப்புகளில் அந்த விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இந்த இணையக் கருவிகள் பயனற்றவை என்றோ, ஏமாற்று வேலை என்றோ நாம் கருதவில்லை. 2017 செப்டம்பர் 5 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய தீக்ஷா தளம், 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பைத் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கல்லூரி மாணவர்களுக்கான ஸ்வயம், 2023 ஜூலையில் மாநிலப் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலி ஆகியவற்றில் நல்ல பாடங்கள் உள்ளன. இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத ஒரு பள்ளியில், மின்சுற்றைத் திரையில் தானே இணைத்துப் பார்க்க உதவும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செய்முறைகள் பெரும் துணை. நகரத்துப் பயிற்சி மையத்துக்கு ஆயிரங்களைக் கட்ட இயலாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவற்றைவிட வேறு வாயில் இல்லை. அதனால்தான் அந்த வாயிலுக்கு அவரால் வந்து சேர முடிகிறதா என்ற கேள்வி முக்கியமாகிறது.

மணற்கேணி என்ற பெயர் வள்ளுவர் கல்விக்குச் சொன்ன உவமையிலிருந்து எடுக்கப்பட்டது. அழகிய பெயர்தான். ஆனால் கரிசல்காட்டில் மணற்கேணி கிடையாது. இங்கே ஆழமாக வெட்டிய கிணறு, கண்மாய், ஊருணி, கோடையில் தண்ணீர் லாரி. அந்தக் கிணறுகளும் ஊருணிகளும் யாருக்கு, எந்த நேரத்தில், எந்தப் பாத்திரத்துடன் என்று வகுக்கப்பட்டிருந்த வரலாறு நம் தாத்தா பாட்டிமாருக்குத் தெரியும். ‘கிணறு எல்லோருக்கும் பொது’ என்று பலகை வைத்த பின்னும், அங்கே செல்லும் பாதை ஊர்த்தெரு வழியாகச் சென்றதால் தண்ணீர் எட்டாமலேயே இருந்த ஊர்கள் பல. அரசமைப்புச் சட்டத்தை எழுதியோர் இதை அறிந்திருந்தனர். பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் 15(2) பிரிவில் கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகளைக் குறிப்பிட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சாலைகளையும் அதே வரியில் சேர்த்தார்கள். நீருக்கான உரிமை வழிக்கான உரிமையின்றி நிறைவேறாது என்ற புரிதல் அதில் இருக்கிறது. இணையக் கல்வியைப் பற்றிய அரசின் அறிவிப்புகளில் கிணறுகள் நிறைய உள்ளன. சாலை குறைவு.

கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூலையில் கைப்பேசிக் கட்டணங்கள் உயர்ந்தபோது, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் ரூ. 239-இலிருந்து ரூ. 299 ஆனது. 28 நாளுக்கொருமுறை என்றால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். மொத்தம் ரூ. 3,887. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர் வீட்டிலிருந்து பள்ளிக்குச் சென்றால், மெட்ரிக் முன் உதவித்தொகைத் திட்டத்தில் அவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ரூ. 3,500. அதாவது ஓராண்டுக்கான கல்வி உதவித்தொகை முழுவதையும் கொடுத்தாலும், ‘இலவச’ப் பாடங்களைப் பார்ப்பதற்கான இணையத்தை ஓராண்டுக்கு வாங்க முடியாது. கைப்பேசியின் விலை இதில் சேரவில்லை. நூறு நாள் வேலைக்கு 2025–26-இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு ரூ. 336. அந்த ரீசார்ஜ் தொகை ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் கூலி. நூறு நாள் வேலை என்று பெயரே தவிர நூறு நாளும் பெரும்பாலோருக்குக் கிடைத்ததில்லை என்பதை நினைவில் கொண்டு இந்தப் பன்னிரண்டு நாளை எடைபோட வேண்டும்.

இனி, வாங்கிய கைப்பேசி யாரிடம் இருக்கிறது? மானாவாரி நிலத்தில் உளுந்து பறிக்கவும் மிளகாய்ப்பழம் எடுக்கவும் போகும் வீட்டில், தீப்பெட்டி ஆலைக்கோ பஞ்சாலைக்கோ ஷிப்டு வேலைக்குப் போகும் வீட்டில், இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் வேலைக்குப் போகிறவரோடு போகிறது. மேஸ்திரியின் அழைப்பு அதில்தான் வரும். இரவு எட்டு மணிக்கு அது வீடு திரும்புகையில் பேட்டரியும் அன்றைய டேட்டாவும் குறைந்திருக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால் முதல் உரிமை பெரும்பாலும் ஆண்பிள்ளைக்கு. பெண்பிள்ளை கையில் போன் இருந்தால் ‘யாரோடு பேசுகிறாள்’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்தக் கடைசிச் சிக்கல் வெளியாரால் வந்ததன்று. நம் வீடுகளுக்குள் நாமே தீர்க்க வேண்டியது அது.

இந்த வட்டாரத்தின் பள்ளிப் படிப்பு தொழிலோடு முட்டிமோதியே வளர்ந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர்ப் பகுதிகளின் தீப்பெட்டித் தொழிலில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் குழந்தைகளே பெருமளவில் பயன்படுத்தப்பட்டனர். விடியுமுன் ஊர் ஊராக வந்து அவர்களை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள் இருந்தன. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், விதியை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ. 20,000 செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தப் பணத்தைக் கொண்டு நலநிதி அமைக்கவும், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும், அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தரவோ அல்லது அரசு தன் பங்காகத் தொகை செலுத்தவோ வேண்டும் என்றும் கூறியது. ‘பள்ளி இலவசம், வரலாம்’ என்று அறிவித்துவிட்டால் போதும் என நீதிமன்றம் அன்று நினைக்கவில்லை. வர இயலாமற் செய்யும் காரணத்துக்கும் விலை நிர்ணயித்தது. இன்றைய இணையக் கல்வித் திட்டங்களில் நாம் காணாதது அந்தப் பார்வையைத்தான்.

பொருள் என்பது இங்கே வெறும் பொருளாகவும் இருந்ததில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டம் கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து நடத்திய சூறையாடலில் எவையெவை உடைக்கப்பட்டன என்ற பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். மின்விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி, டேப்ரிக்கார்டர், தையல் எந்திரம், மிதிவண்டி. கூடவே, படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் எரிக்கப்பட்டன. வளைகுடா நாட்டு வருமானத்தாலும் படிப்பாலும் நிமிர்ந்த ஊர் அது. ஒரு தலித் வீட்டில் தொலைக்காட்சி இருப்பதும் சான்றிதழ் இருப்பதும் ஒரே வகைக் குற்றமாகப் பார்க்கப்பட்டன. முப்பதாண்டு கழிந்துவிட்டது. இன்றும் நம் குடியிருப்புகளில் கருவி இல்லாததை ‘பழக்கமின்மை’, ‘ஆர்வமின்மை’ என்று அதிகாரிகள் குறிக்கும்போது அந்தப் பட்டியல் நம் நினைவுக்கு வருகிறது.

வழியில்லாத கிணறு என்ன செய்யும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 ஜூன் 1 அன்று கேரள அரசு இணைய, தொலைக்காட்சி வகுப்புகளைத் தொடங்கிய நாளிலேயே, மலப்புறம் மாவட்டத்தில் கூலித் தொழிலாளி ஒருவரின் மகளான 14 வயது தலித் மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது. பள்ளிக் கணினிமயத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லத்தக்க மாநிலம் அது. பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் பயன்படுத்துவது, தனக்கென விக்டர்ஸ் என்னும் கல்வி அலைவரிசை நடத்துவது. கருவியற்ற மாணவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்ற கணக்கும் அரசிடம் இருந்தது. அதன் பிறகே ஊர்தோறும் பொதுத் தொலைக்காட்சி மையங்கள் அமைக்கும் வேலை வேகம் பிடித்தது.

2021 ஆகஸ்டில் ஜான் த்ரே, ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, ஊரக ஏழைக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினரே ஒழுங்காக இணையவழியில் படித்தனர் என்று கண்டது. ஊரகத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் அது 4 விழுக்காடு, பிற குழந்தைகளில் 15. ஒரே ஊரில், ஒரே வறுமையில், சாதி மட்டும் மாறும்போது ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. டிஜிட்டல் இடைவெளி என்ற சொல்லை நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான தூரமாக மட்டும் புரிந்துகொள்வோர் இந்த எண்களை எப்படி விளக்குவார்கள்?

தமிழ்நாட்டில் அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட திட்டம் செயலி அன்று. ஊரிலேயே உள்ள படித்த பெண்களைக் கொண்டு, திண்ணையிலும் சாவடியிலும் சமுதாயக் கூடத்திலும் மாலையில் ஒன்றரை மணிநேரம் பாடம் சொல்லும் ‘இல்லம் தேடிக் கல்வி’. பலன் தந்தது ஆள். கருவி அவருக்குத் துணை நின்றபோது மட்டுமே கருவியாலும் பலன் இருந்தது. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் அதன் இடத்தில் திரையை மாட்டும் எந்தத் திட்டத்தையும் நாம் ஐயத்தோடே பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்கும் முடிப்பதற்கும் தடையாக அமையக்கூடிய எந்தக் கட்டணத்தையும் ‘செலவை’யும் குழந்தை மீது சுமத்தக்கூடாது என்கிறது. கட்டணம் என்ற சொல்லோடு செலவு என்ற சொல்லும் அங்கே இருப்பது நமக்கு முக்கியம். பாடநூலின் ஒரு பகுதியை அரசே இணையத்தில் வைத்துவிட்டு, வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் நடைமுறையையும் அனுமதித்தால், அதற்கான டேட்டாச் செலவு 3(2)-இன் கீழ் வரும் செலவுதான் என்பது நம் வாதம். 2(ஈ) பிரிவு பட்டியல் சாதிக் குழந்தையை ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு’ என்று வரையறுக்கிறது. 8(இ) பிரிவு அக்குழந்தை எக்காரணத்தாலும் பாகுபடுத்தப்படாமலும் தடுக்கப்படாமலும் பார்த்துக்கொள்ளும் கடமையை அரசின் தலையில் வைக்கிறது.

இந்த வாதம் நாமே புனைந்ததன்று. 2020 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வகுப்புகள் இணையவழியில் நடக்கும்போது நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குக் கருவியும் இணைய வசதியும் பள்ளிகள் தர வேண்டும் என்று இதே சட்டத்தை வைத்துத்தான் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. எனினும் அதே ஆண்டு அக்டோபரில் அவ்வழக்கை விசாரித்த அமர்வு, தீர்ப்பின் நோக்கத்தை ஏற்று, செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவருமாறு டெல்லி அரசிடம் கூறியது. பள்ளிகள் திறந்தன, விவாதம் ஓய்ந்தது, வழி மட்டும் போடப்படவில்லை.

எட்டாம் வகுப்போடு கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ளவர்களுக்கு, பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக்கவனத்தோடு வளர்க்கச் சொல்லும் அரசமைப்பின் 46-ஆம் பிரிவும், வாழ்வுரிமையைப் பேசும் 21-ஆம் பிரிவும் உள்ளன. 2019 செப்டம்பரில் பஹீமா ஷிரின் வழக்கில், பெண்கள் விடுதியில் கைப்பேசிக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்த மாணவியின் பக்கம் நின்ற கேரள உயர் நீதிமன்றம், இணைய அணுக்கம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. மாணவிகள் மாலையில் போனைத் தொடக்கூடாது என்று இன்றும் விதி வைத்திருக்கும் விடுதிகளில் தங்கியிருக்கும் வாசகர்கள் இத்தீர்ப்பை அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுக்கத்தை 21-ஆம் பிரிவின் உள்ளார்ந்த கூறு என்றே அறிவித்துவிட்டது. அது அமில வீச்சுக்கு ஆளானோரும் பார்வை மாற்றுத்திறனாளிகளும் தொடர்ந்த வழக்கு. ஆனால் ஊரகத்தாரையும் விளிம்புநிலை மக்களையும் அத்தீர்ப்பு சேர்த்தே பேசுகிறது.

கருவி கைக்கு வந்த பின்னும் இரண்டு தடைகள் நிற்கின்றன. ஒன்று மொழி. கரிசல் வட்டாரத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேசுமொழி தெலுங்கு. அந்தக் குழந்தைக்குப் பள்ளித் தமிழே இரண்டாம் மொழி. காணொளியின் செந்தமிழ் மூன்றாவது, இடையிடையே வரும் ஆங்கிலக் கலைச்சொல் நான்காவது. பக்கத்தில் அமர்ந்து நிறுத்தி நிறுத்தி விளக்க ஒருவர் இல்லையெனில் அந்தக் காணொளி ஓடி முடியும், அவ்வளவுதான். பட்டியல் சாதியினருக்குள்ளேயே அருந்ததியருக்கு 2009-இல் தனி ஒதுக்கீடு ஏன் தேவைப்பட்டது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்போர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மற்றொன்று தரவு. இலவசத்துக்குப் பதிலாக நம் பிள்ளைகள் எதைக் கொடுக்கிறார்கள்? 2022 மே மாதத்தில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றில் பெரும்பாலானவை குழந்தைகளின் உரிமைக்குக் கேடு தரும் வகையில் தரவைக் கையாண்டன என்றது. தீக்ஷா செயலி குழந்தை இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் திறன் பெற்றிருந்ததையும் அது சுட்டியது. 2023 ஜனவரியில், தீக்ஷாவின் பாதுகாப்பற்ற சேமிப்பகம் ஒன்றிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் வெளியே தெரிந்தன என்ற செய்தி வந்தது. நம் பள்ளி மாணவர் தகவல் முறைமையில் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணோடு சாதியும் பதிவாகிறது. உதவித்தொகைக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரை அவருடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம் இது. சாதிப் பெருமைக் காணொளிகள் பாடக் காணொளிகளைவிட வேகமாகப் பரவும் போன்களே இங்குள்ளவை. சாதியும் முகவரியும் சேர்ந்து கசிந்தால் அதன் பொருள் வேறு ஊர்களில் இருப்பதைப் போன்றதாக இங்கே இருக்காது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடைசெய்கிறது. அடுத்து வந்த விதிகளோ கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் தருகின்றன. அவ்விலக்குகளின் எல்லையை நீதிமன்றத்தில் சோதிக்கும் நாள் வரும்.

என்ன செய்யலாம்? இணையமே இல்லாமல் இவற்றில் பெரும்பகுதியைப் படிக்க முடியும் என்பது பரவலாகத் தெரியவில்லை. தீக்ஷா பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஃபெட் செய்முறைகளையும் ஜியோஜீப்ராவையும் இணைப்பின்றி இயக்கலாம். கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் உள்ளங்கையளவு கணினி ஒன்றில் ஏற்றிவிடலாம். அந்தச் சிறு பெட்டி வைஃபை அலை தரும். சுற்றி அமர்ந்திருக்கும் மாணவர்கள் ஒரு ரூபாய் டேட்டா இல்லாமல், சிம் இல்லாத பழைய போனிலும் அதைப் படிக்கலாம். யாரும் பெயரோ எண்ணோ தர வேண்டியதில்லை என்பதால் தரவுக் கசிவும் இல்லை. ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் நம் தோழர்கள் ஒரு விடுமுறையில் ஓர் ஊருக்கு ஒன்று அமைத்துத் தரக்கூடிய வேலை இது.

ஆனால் அரசின் கடமையைத் தன்னார்வலர் தோளுக்கு மாற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் நூலகம் கட்டப்பட்டது. பல பூட்டிக் கிடக்கின்றன. பாரத்நெட் கண்ணாடியிழை தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்க வந்த திட்டம். அந்தக் கம்பி எந்தத் தெருவில் முடிகிறது, பொது வைஃபை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. ஊர்த்தெருவின் நடுவில் வைத்துவிட்டு ‘எல்லோரும் வரலாம்’ என்றால் அது பழைய கிணற்றுப் பலகைதான். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார், வரவேற்றோம். சொல் நீங்கிய இடத்தில் கம்பியும் வர வேண்டும். விடுதிகளுக்கு ‘சமூக நீதி விடுதி’ என்று அதே ஆண்டு பெயர் சூட்டினார்கள். அவ்விடுதிகளில் படிக்கும் நேரத்தில் வேலை செய்யும் வைஃபை இருக்கிறதா என்று விடுதி மாணவர்களே எழுதியனுப்பலாம்.

பணமில்லை என்ற பதில் செல்லாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதியை மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கவும், அம்மக்களுக்கே செலவிடவும் 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மாநிலத்தில் 1,100-க்கும் மேல். அவை பள்ளிக்கல்வித் துறைக்கு வெளியே, வேறொரு துறையின் கீழ் இயங்குகின்றன. பள்ளிக்கல்வித் துறை திறன்மிகு வகுப்பறைகளையும் ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளையும் ஆயிரக்கணக்கில் வழங்குவதாக அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், நலப் பள்ளிகளின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, இப்பள்ளிகளைப் பொதுப் பள்ளிக்கல்வியோடு சேர்க்கப் பரிந்துரைத்தது. சேர்ப்பதில் நம் இயக்கங்களுக்குள்ளேயே மாற்றுக்கருத்து உண்டு. நிலமும் நிதியும் கைமாறிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அந்த விவாதம் முடியும்வரை ஒரு வகுப்பறை காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே உடனடியாக இரண்டு மனுக்கள். முதலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தூத்துக்குடி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு: மாவட்டத்தின் ஒவ்வொரு நலப் பள்ளியிலும் விடுதியிலும் இயங்கும் கணினிகள் எத்தனை, இணைய இணைப்பின் வேகம் என்ன, கடைசியாகக் கட்டணம் செலுத்திய தேதி எது, மேம்பாட்டு நிதியிலிருந்து கடந்த இரண்டு ஆண்டுகளில் இதற்குச் செலவான தொகை எவ்வளவு. கட்டணம் செலுத்திய தேதியைக் கேட்க மறக்க வேண்டாம். இணைப்பு இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள், பணம் கட்டாததால் துண்டிக்கப்பட்ட இணைப்பும் பதிவேட்டில் இணைப்புதான். இரண்டாவது, அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டிய தீர்மானம்: ஊராட்சி நூலகத்தை மாலை ஐந்து முதல் எட்டு வரை திறக்கவும், இணைப்பில்லாமல் இயங்கும் பாடப் பெட்டி ஒன்றை அங்கும், ஆதிதிராவிடர் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் மற்றொன்றையும் வைக்கவும், ஊரிலுள்ள படித்த பெண் ஒருவரை ஊதியத்தோடு அமர்த்தவும். தீர்மானத்தைப் பேசி விட்டுவிடாமல், பதிவேட்டில் எண்ணிட்டு எழுதச் சொல்லி, நகல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊராட்சி மறுத்தால் நீதிமன்றத்துக்கு நாம் கொண்டுபோக வேண்டிய முதல் ஆவணம் அந்த நகல்தான்.